புள்ளியில்லாத செம்பு

செம்புத் தகடு செய்யும் அந்தத் தொழிற்சாலையில், சோதனைக்கூடத்து மைக்ராஸ்கோப்புக்குப் பொறுப்பானவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘சுத்தம் சார்’ என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் அதை ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கொள்வார். சோதனைக்கூடத்துக்குள் வெளிச் செருப்போடு வந்தால் சீறுவார். மேசை விளிம்பில் விரலை இழுத்து, விரல் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தேநீர்க் கோப்பைக்கு அடியில் வட்டமாக ஈரம் பதிந்துவிட்டால் அன்றைக்குக் கோப்பைக்காரர் செத்தார். ஐம்பதை நெருங்கியும் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "வீட்டுல ஒரு பொருள் வெச்ச இடத்துல இருக்கணும்ல?" என்பார். பொருள் பிழைத்தது, கூடவே யாரோ ஒரு பெண்ணும் பிழைத்தாள்.

அவருடைய வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். உருளைகளுக்கு நடுவே நசுங்கி நசுங்கி மெலிந்து வருகிற செம்புத் தகடு விறைத்துப்போய் வரும். வளைக்கப் பார்த்தால் முரண்டு பிடிக்கும். அதை உலையில் சூடு காட்டி இளக்குவார்கள். இளகிய தகட்டிலிருந்து ஒரு சின்னத் துண்டு இவரிடம் வரும். இவர் அதை உப்புத்தாளில் தேய்த்து, துணிச் சக்கரத்தில் பளபளப்பாக்கி, அமிலத்தில் நனைத்த பஞ்சால் ஒற்றி, கழுவிக் காயவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அமிலம் பட்ட பிறகுதான் தெரியும், ஒரே பாளம் என்று நாம் நினைக்கிற செம்பு ஒரே பாளம் இல்லை என்று. உள்ளே பொடிப் பொடியாக மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தொழிலில் அதைக் கிரெயின் என்பார்கள். மணிக்கும் மணிக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு ஓடும், அதுதான் எல்லை. அந்த எல்லை இருக்கிறதே, அது சூடு பட்டால் ஓர் இடத்தில் இருக்காது. பெரிய மணி தன் எல்லையைத் தள்ளிக்கொண்டே போய்ப் பக்கத்துச் சின்ன மணியை விழுங்கிவிடும். சூடு கூடக் கூட, நேரம் ஆக ஆக, மணிகள் எண்ணிக்கையில் குறைந்து உருவத்தில் பெருக்கும். பொடியாக இருக்கிறவரை தகடு சொன்னபடி கேட்கும். பெருத்துவிட்டால், அதைக் கிண்ணமாக அழுத்தும்போது ஒவ்வொரு மணியும் தன் இஷ்டத்துக்குப் புடைத்துக்கொண்டு, மேல்பக்கம் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி சொரசொரத்துப்போகும். விளக்குக் கிண்ணம் செய்கிற வாடிக்கையாளர் அதை வாங்குவாரா? முகத்தில் விட்டெறிவார்.

உலைக்குப் பொறுப்பானவர் வேறு யாருமில்லை, சுத்தம் சாரின் தங்கை புருஷன். இவர் ‘மாப்ளே, மாப்ளே’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தொழிற்சாலை முழுவதற்கும் அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். மேனேஜரம்மாகூட ஒரு கூட்டத்தில், "இதுக்கு மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு, அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

வீட்டிலும் இவர்கள் மேலும் கீழும்தான். மாடியில் தங்கையும் மாப்பிள்ளையும், கீழே சுத்தம் சார். மாப்பிள்ளைக்குக் காலையில் பாடாவிட்டால் குளித்த மாதிரியே இருக்காது. அதைப் பாட்டு என்று சொல்வது அவர்மேல் நமக்கிருக்கிற மரியாதையால்தான். எடுக்கிற சுருதி ஒன்று, போய்ச் சேருகிற சுருதி இன்னொன்று. அவர் ஆரம்பித்ததும் கீழே சுத்தம் சார் ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையை டொக் டொக்கென்று இடிப்பார். பாட்டு இன்னும் ஓங்கும். இவர் இன்னும் இடிப்பார். கடைசியில் தங்கை படிக்கட்டில் வந்து நின்று கத்துவாள்.

"அண்ணா! கம்பை வெச்சுட்டுச் சாப்பிட வா. ஆறிடும்!"

அந்தக் கத்தலுக்குப் பிறகுதான் இரண்டு பேரும் அடங்குவார்கள். வருஷக்கணக்காக அந்த வீட்டில் பொழுது இப்படித்தான் விடிந்தது.

இந்த இடைஞ்சலையாவது கம்பால் இடிக்க முடிந்தது. சுத்தம் சாரின் மனசை அரித்த இன்னொரு இடைஞ்சல் மைக்ராஸ்கோப்புக்குள் இருந்தது. தொழிற்சாலை வாங்கிக்கொண்டிருந்த செம்பில் ஆக்ஸிஜன் கொஞ்சம் கலந்திருக்கும். அதனால் எங்கே பார்த்தாலும் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளி. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, உள்ளேயே இருக்கிற புள்ளி. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "இது செம்பா, குப்பைமேடா?" என்று கொள்முதல் பிரிவைக் கேட்காத வாரமில்லை. மேனேஜரம்மாவை வழியில் பார்த்தாலும் அதே புலம்பல். அவருடைய தொல்லை தாங்காமலோ என்னவோ, ஒருநாள் ஆக்ஸிஜன் நீக்கிய சுத்தச் செம்பை வாங்கிவிட்டார்கள். சுத்தம் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. சோதனைக்கூடத்தில் அத்தனை பேருக்கும் தன் செலவில் தேநீர் வாங்கிக் கொடுத்தார், கோப்பைக்கு அடியில் காகிதம் வைத்து.

புதுச் செம்பின் முதல் தகட்டுச் சுருளிலிருந்து துண்டு வந்தது. தேய்த்தார். பளபளப்பாக்கினார். பார்த்தார். ஆகா! ஒரு புள்ளி இல்லை. துடைத்து வைத்த கண்ணாடிதான். இந்த மாதிரி ஒன்றுக்காகத்தான் அவர் இத்தனை வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இங்கேதான் ஒரு காரியம் செய்தார். அமிலத்தில் ஒற்றினால்தான் மணியும் எல்லையும் கண்ணுக்குத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? அமிலம் ஒற்றினால் பளபளப்பு மங்கிவிடும். பஞ்சைக் கையில் எடுத்தவருக்கு அந்தக் கண்ணாடியை மங்கவைக்க மனசு வரவில்லை. ‘அதே உலை, அதே சூடு, மணி எங்கே போயிடப்போகுது’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, ‘நன்று’ என்று கையெழுத்துப் போட்டார். துண்டை மட்டும் மேசையில் பார்வைக்கு வைத்துக்கொண்டார். சுத்தத்துக்குப் பேர்போன மனிதர் இப்படியும் ஒரு வேலை பார்ப்பாரா என்று கேட்காதீர்கள். பார்த்தார்.

வாடிக்கையாளரிடம் சுருள் போன வேகத்தில் திரும்பி வந்தது. கூடவே ஒரு கிண்ணத்தையும் அனுப்பியிருந்தார்கள், அசல் ஆரஞ்சுத் தோல். சுத்தம் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்வைக்கு வைத்திருந்த துண்டில் அமிலத்தை ஒற்றிப் பார்த்தார். உள்ளே ஒவ்வொரு மணியும் பூதாகாரமாக உட்கார்ந்திருந்தது.

"என்ன மாப்ளே," என்றார் உலையடிக்குப் போய், "பத்த வெச்சுட்டுக் கச்சேரிக்குக் கிளம்பிட்டீங்களா?"

"மச்சான், எப்பவும் வைக்கிற சூடுதான். எப்பவும் விடுற நேரம்தான். கிராஃபைப் பாருங்க."

"கிராஃப் கிடக்கட்டும். கிரெயினைப் பாருங்க. ஒவ்வொண்ணும் தொப்பையைத் தள்ளிக்கிட்டு உங்களை மாதிரியே இருக்கு."

மாப்பிள்ளை தன் தொப்பையை ஒருமுறை தடவிக்கொண்டார். "இது உங்க தங்கச்சி சமையல்ல வந்தது மச்சான். உலையில வந்தது இல்ல."

சிரித்தார்கள். சிரிப்போடு விட்டிருந்தால் வம்பில்லை. சுத்தம் சார் சோதனைக்கூடத்துக்கு வந்து, அதே வேகத்தில் ரிப்போர்ட்டில் எழுதினார்: ‘காரணம் - உலையில் அளவுக்கு மீறிய சூடு.’ அமிலம் போடாமல் கையெழுத்துப் போட்டதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. மாப்பிள்ளையைச் சீண்டிச் சீண்டிப் பழகிய வாய். பேனாவும் அதே பழக்கத்தில் ஓடிவிட்டது.

அடுத்த சுருளுக்கு மாப்பிள்ளை நேரத்தைக் கொஞ்சம் குறைத்தார். அதுவும் உருப்படவில்லை. இந்தத் தடவை சுத்தம் சார் ஒழுங்காக அமிலம் ஒற்றிப் பார்த்து, தொழிற்சாலை வாசலிலேயே நிறுத்திவிட்டார். மேனேஜரம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

"வாடிக்கையாளர் கையை விட்டுப் போயிடுவார் போல இருக்கு. உலையில தப்புன்னு ரிப்போர்ட் சொல்லுது. எனக்கு வேற வழி தெரியல. அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க வெளியூர் யூனிட்டுக்குப் போங்க. இங்க வேற ஆளைப் போட்டுப் பாக்கறேன்."

மாப்பிள்ளை, "சரிங்க மேடம்" என்றார். சுத்தம் சார் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியூர் யூனிட் என்றால் ரயிலேறிப் போகிற தூரம். மாப்பிள்ளை போனால் தங்கையும்தானே போவாள்? அந்தக் கணக்கு இவ்வளவு நேரமாகச் சுத்தம் சார் மண்டையில் ஏறவே இல்லை.

சாயங்காலம் தங்கை கீழே இறங்கி வந்தாள்.

"அண்ணா, அட்டைப்பெட்டி இருக்கா? நீதான் எல்லாத்தையும் அளவுவாரியா மடிச்சு வெச்சிருப்பியே."

"எதுக்கு?"

"பாத்திரம் கட்ட. இனிமே உனக்குக் கொண்டாட்டம்தான். பாட்டு கிடையாது, சத்தம் கிடையாது. ஒட்டடைக் கம்பால ஒட்டடை மட்டும் அடிச்சாப் போதும். வீடே சுத்தமா இருக்கும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது மூக்கை உறிஞ்சினாள்.

சுத்தம் சார் பரணிலிருந்து பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"உன் ரிப்போர்ட்டுதானாமே? அவரு ஒரு வார்த்தை சொல்லல. போன்ல யாரோ பேசினது என் காதுல விழுந்துச்சு."

"கிரெயின் பெருசா இருந்துச்சும்மா…"

"அதை நான் கேக்கல. சூடு அதிகமானதாலதான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

அவள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையும் மாப்பிள்ளையும் வெளியூரில் வீடு பார்க்கக் கிளம்பிப் போனார்கள். காலையில் பாட்டில்லை. சுத்தம் சார் பழக்க தோஷத்தில் கம்பைக் கையில் எடுத்துவிட்டு, யாரை இடிப்பது என்று தெரியாமல் ஓர் ஒட்டடையை அடித்தார். செய்தித்தாளைப் பிரித்தார்; அது கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து தரைக்கும் பரவியது. யாரும் கத்தாததால் சாப்பிட எழுந்திருக்கவில்லை. பசித்தபோது பார்த்தால் பொழுது சாய்ந்திருந்தது. தேநீர் போட்டு மேசையில் வைத்தார். கோப்பையை எடுத்தபோது அடியில் வட்டமாக ஈரம். அதைப் பார்த்தார், துடைக்கவில்லை. அந்த நாள் எதிலும் மாட்டிக்கொள்ளாமல், நிற்காமல், தன் பாட்டுக்கு வழிந்தோடிப் போய்விட்டது. அவருக்கு அழுகை வந்தது. யாரும் இல்லாததால் கொஞ்சம் அழவும் செய்தார்.

தங்கை கேட்ட கேள்வி மட்டும் போகவில்லை. திங்கள்கிழமை எல்லோருக்கும் முன்னால் சோதனைக்கூடத்துக்குப் போனார். இழுப்பறையைத் திறந்து, பழைய செம்பில் அவரே அமிலம் ஒற்றிப் பத்திரப்படுத்தியிருந்த ஒரு துண்டை எடுத்தார். அந்தத் துண்டை இதற்குமுன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார், ஆனால் திட்டுவதற்காகத்தான். இன்றைக்குத் திட்டுகிற தெம்பு இல்லாததால் சும்மா பார்த்தார்.

கோடுகள் ஓடின. ஓடிவந்த ஓர் எல்லை, வழியில் ஒரு கறுப்புப் புள்ளியில் மாட்டி, அந்த இடத்தில் மட்டும் இழுபட்டு நின்றிருந்தது, முள்ளில் சிக்கிய புடவை மாதிரி. பக்கத்து எல்லையும் அப்படித்தான். எங்கெங்கே எல்லை நின்றிருந்ததோ அங்கெல்லாம் ஒரு புள்ளி. மணிகள் பொடியாக இருந்தது உலையால் மட்டும் இல்லை. அவர் இத்தனை வருஷம் கரித்துக்கொட்டிய புள்ளிகள்தான் ஒவ்வோர் எல்லையையும் ஓடவிடாமல் பிடித்து வைத்திருந்தன. புதுச் செம்பில் பிடிக்க ஆளில்லை. அதே சூட்டில், அதே நேரத்தில் எல்லைகள் தறிகெட்டு ஓடியிருக்கின்றன.

படிக்காத விஷயமா? படித்ததுதான். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவர் இவர். விடைத்தாளில் எழுதும்போது அதற்கு ‘தடுக்கும் துகள்’ என்று பேர் இருந்தது. வேலைக்கு வந்த பிறகு அதே சாமானைக் ‘குப்பை’ என்று கூப்பிடப் பழகிவிட்டார், அவ்வளவுதான்.

பழைய தகட்டில் ஒரு கீற்று, புதுத் தகட்டில் ஒரு கீற்று, இரண்டும் உலைக்குப் போகாமல் உருளையிலிருந்து நேராக வந்த விறைப்பான தகடுகள். இரண்டையும் சோதனைக்கூடத்துச் சின்ன உலையில் ஒன்றாக வைத்து ஒன்றாக எடுத்தார். இரண்டிலும் அமிலம் ஒற்றினார். பழையது பொடி மணி. புதியது பூதம். அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு மேனேஜரம்மா அறைக்குப் போனார். போகிற வழியில் உலையடியில் நின்றிருந்த மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். உலையடியின் கரி தன் சட்டையில் ஒட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

மேனேஜரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப உலையில தப்பில்ல."

"இல்ல மேடம். சுத்தச் செம்புக்குச் சூடு கம்மியா வேணும், நேரமும் கம்மியா வேணும். அதை நான்தான் யோசிச்சிருக்கணும்."

"சுத்தச் செம்பு வேணும்னு என் உயிரை வாங்கினது யாரு?"

"நான்தான் மேடம்."

"முதல் ரோல்லயே கிரெயின் பெருசா இருந்திருக்குமே. அதை எப்படி வெளியே விட்டோம்?"

சுத்தம் சார் இதைச் சொல்லாமலே தப்பித்திருக்கலாம். எங்கோ ஒரு கோளாறு என்று மழுப்பியிருக்கலாம். படிக்கட்டில் பெட்டியோடு ஏறிப்போன தங்கையின் முதுகு கண்ணுக்குள் நின்றது.

"அமிலம் போடாம பாஸ் பண்ணிட்டேன் மேடம். புள்ளியே இல்லாம அவ்வளவு அழகா இருந்துச்சு. கெடுக்க மனசு வரல."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"மேடம், சின்ன வேண்டுகோள். இதை மச்சானை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க. வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வைக்கிறேன்."

மேனேஜரம்மா சிரிப்பை அடக்க மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார். அடக்க முடியவில்லை. வெளியூர் மாற்றலை ரத்து செய்தார். ஆனாலும் சும்மா விடவில்லை. வாடிக்கையாளரிடம் சுத்தம் சாரே நேரில் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வர வேண்டும். சரியான சூடும் நேரமும் பிடிபடுகிறவரை சோதனைக்கூடத்தில் உட்காரக் கூடாது. மாப்பிள்ளையோடு உலையடியில் நிற்க வேண்டும்.

"உலையடியிலயா மேடம்? அங்க ஒரே கரி…"

"தெரியும்" என்றார் மேனேஜரம்மா.

நின்றார். கரியில் நின்றார், சூட்டில் நின்றார், மாப்பிள்ளையின் பாட்டைப் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை சூட்டைக் குறைப்பார். இவர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார். "இன்னும் பெருசு மாப்ளே." "உங்களுக்கு எது காட்டினாலும் பெருசுதான் மச்சான்." கடைசியில் மணி பொடியாக வந்தது. அமிலம் ஒற்றி, ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். போன சுருள் திரும்பி வரவில்லை. அட்டைப்பெட்டிகள் மட்டும் திரும்பி வந்தன, மாடியிலிருந்து கீழ்வீட்டுக்கு, மடிப்புக் கலைந்து. அவர் அவற்றை அப்படியே பரணில் போட்டார்.

அடுத்த நாள் காலை மாப்பிள்ளை குளிக்கப் போனார். பாட்டு கிளம்பியது. கீழே சுத்தம் சார் கம்பை எடுத்துக்கொண்டு தயாராக நின்றார். ஆனால் அவர் இடிப்பதற்கு முன்னாலேயே பாட்டு பாதியில் நின்றுவிட்டது. "பாவம், கீழ மனுஷன் நொந்துபோயிருக்காரு, இன்னிக்காவது சும்மா இருங்க" என்று தங்கை அதட்டுவது லேசாகக் கேட்டது. அப்புறம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான்.

சுத்தம் சார் சற்று நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பிறகு கம்பை ஓங்கிக் கூரையை இடித்தார். டொக் டொக் டொக். தங்கை படிக்கட்டுக்கு ஓடிவந்தாள்.

"என்ன அண்ணா! அவருதான் நிறுத்திட்டாரே. இன்னும் எதுக்கு இடிக்கிற?"

"அதுக்குத்தான் இடிக்கிறேன். பாதியில நிறுத்தினா எப்படி? முழுசாப் பாடச் சொல்லு."

அவள் மாடிப் பக்கம் திரும்பி, "முழுசாப் பாடணுமாம்!" என்று குரல் கொடுத்தாள். மேலே பாட்டு மறுபடி கிளம்பியது, எப்போதையும்விட மோசமாக. சுத்தம் சார் கம்பை மூலையில் சாத்திவிட்டு, தங்கை சாப்பிடக் கூப்பிட்டுக் கத்துவதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்தார்.